ஏப்ரல் வரைக்கும் இது வண்டி இல்லீங்கப்பா

மன்ஹைம்
4.11.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நேத்து நான் அனுப்பின போட்டோவுக்கு நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜை இதுவரைக்கும் ஆறு தடவை கேட்டுட்டேன். "என்றா இது, வண்டி மேல வண்டி ஏறி நிக்குது?" அப்பறம் போனே பண்ணிட்டீங்க.

"இடிச்சுட்டயா?"

"இல்லீங்கப்பா."

"ஓடலையா?"

"நல்லா ஓடுதுங்கப்பா."

"பின்ன எதுக்கு டிரெய்லர்ல ஏத்தின?"

"அக்டோபர் முடிஞ்சிருச்சுங்கப்பா."

அதுக்கு மேல நீங்க பேசலை. போனை அம்மாகிட்டக் குடுத்துட்டீங்க. தனியா இருந்து இருந்து பையனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அம்மா நெனச்சிருக்கணும், மிளகு ரசம் வச்சுக் குடிக்கச் சொன்னாங்க. போன்ல சொன்னா இது யாருக்கும் விளங்காது. அதனாலதான் எழுதறேன். அக்காவும் மாமாவும் படிக்கட்டும். பட்டறையில மட்டும் சத்தமாப் படிக்க வேண்டாம்.

போன வருஷம் என் நம்பர் பிளேட்டைப் பாத்து நீங்க எவ்வளவு சந்தோஷப்பட்டீங்க! எம்ஏன்னா மன்ஹைம். அதுக்கு அடுத்த எழுத்தும் நம்பரும், கொஞ்சம் காசு கூடக் கட்டினா நம்ம இஷ்டம். நான் டிஎன் 28 வாங்கினேன். நாமக்கல் ஆர்டிஓ ஆபீஸுக்கு வெளிநாட்டுல இப்படி ஒரு மரியாதை யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. அந்தப் பிளேட்டோட வலது ஓரத்துல மேல 04, கீழ 10ன்னு சின்னதா ரெண்டு நம்பர் இருக்குமே, அது என்னன்னு அப்பவே கேட்டீங்க. அக்கா பொண்ணுகூட அதை ரெண்டால சுருக்கி அஞ்சுல ரெண்டுன்னு சொன்னா. நான் பேச்சை மாத்திட்டேன். இன்னைக்கு ஒத்துக்கறேன். அது பின்னம் இல்லை, மாசம். நாலாம் மாசத்துல இருந்து பத்தாம் மாசம் வரைக்கும்தான் அது வண்டி.

சரியாச் சொல்லணும்னா, ஏப்ரல் 1-ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் அதை ரோட்டுல ஓட்டலாம். நவம்பர் 1 பொறந்துட்டா ஓட்டக் கூடாது. ஓட்டக் கூடாதுன்னா ஓட்டறது மட்டும் இல்லீங்கப்பா, தெருவுல சும்மா நிறுத்தி வைக்கவும் கூடாது. பெட்ரோல் இருக்கும், பேட்டரி இருக்கும், சாவி என் சட்டைப் பையில இருக்கும், வண்டி மட்டும் இருக்காது. மீறினா அபராதம், இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சிருவான். 31-ம் தேதி ராத்திரி 11.59-க்கு அது ஸ்போர்ட்ஸ் கார். ஒரு நிமிஷம் கழிச்சு அது தெருவுல கெடக்கிற குத்தம். பதிவு பண்ணின அன்னைக்குக் கவுண்டர்ல இருந்த அம்மாகிட்டக் கேட்டேன்: "பன்னெண்டு மணி அடிக்கும்போது நான் சிக்னல்ல நின்னுட்டிருந்தா?" நான் விளையாட்டுக்குக் கேட்டேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, நிதானமா, "உங்கள் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்"னு சொன்னாங்க.

ஏன் இதை வாங்கினேன்னு கேப்பீங்க. வரியும் இன்சூரன்ஸும் ஏழு மாசத்துக்கு மட்டும் கட்டினாப் போதும். பனிக்காலத்துல இங்க ரோட்டுல உப்புப் போடுவாங்க, அதுல பழைய வண்டியை விட்டா அடித்தகரம் அப்பளமாயிரும். 1997-லதான் இந்த ஏற்பாடே வந்திருக்கு. அதுக்கு முன்னாடி, குளிர் வந்ததும் வண்டிப் பதிவை நிறுத்தி வச்சுட்டு, வெயில் வந்ததும் மறுபடி போய்ப் பதிஞ்சிருக்காங்க. இப்போ குறைஞ்சது ரெண்டு மாசம், அதிகபட்சம் பதினொரு மாசம்னு நாமளே எடுத்துக்கலாம். பதினொரு மாசம் எடுக்கறவன் எந்த ஒரு மாசத்தை விடுவான்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். நம்மூரா இருந்தா ஆடியை விட்டிருப்பாங்க.

எஃப்சி கதை இன்னும் அழகு. இங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் எஃப்சி. பாஸ் ஆனா பின்பக்கப் பிளேட்டுல உருண்டையா ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, வருஷத்துக்கு ஒரு கலர். என்னுது நீலம், அதாவது 2026. ஸ்டிக்கர்ல எந்த மாசம் மேல நிக்குதோ அந்த மாசத்துக்குள்ள காட்டணும். என்னுதுல மேல நிக்கறது ஜனவரி. ஜனவரியில அதுதான் வண்டியே இல்லையே, இல்லாத வண்டியை எப்படிக் காட்டறது? அதையும் யோசிச்சு எழுதி வச்சிருக்காங்க. சீசன் தொறக்கற முதல் மாசத்துல காட்டினாப் போதுமாம். இவங்க மறந்து விட்டது எதுவுமே இல்லை, எனக்கு அதுதான் பயமா இருக்கு.

வண்டி டிரெய்லர்ல ஏறினதுக்குக் காரணம் ஷாக்கப்சர். இனி அதுக்கு வர்றேன்.

நம்ம வண்டி 96 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. முதன்முதலா 1989-ல சிகாகோ கண்காட்சியில காட்டின அதே கண்ணைத் தொறந்து மூடற லைட்டு. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்லயே உலகத்துல அதிகமா வித்தது இதுதான்னு கின்னஸ்ல இருக்கு. 2016-ல பத்து லட்சம் வண்டி தாண்டியாச்சு. இதைச் சொன்னப்போ "எத்தனை டன் ஏத்தலாம்?"னு கேட்டீங்க. அதுவே ஒரு டன் இல்லீங்கப்பா. டிக்கியில அரிசி மூட்டையை வச்சா தேங்காய்க்கு இடம் இல்லை. ஆனா இந்த ஊருக்குக் கிழக்கே ஓடன்வால்டுன்னு ஒரு காட்டு மலை இருக்கு, அந்த வளைவுல ஓட்டினீங்கன்னா புரியும். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி ஏறின கைக்கு இதெல்லாம் வளைவே இல்லைதான். ஆனா இங்க எதுத்தாப்ல பஸ் வந்து பின்னாடி எடுன்னு சொல்றதில்லை.

ஜூலையில அந்த மலையில ஒரு மேட்டுல ஏறி எறங்கினப்போ வண்டி ரெண்டு தரம் தலையாட்டிட்டு அப்பறமாத்தான் நின்னுது. வீட்டுக்கு வந்து நீங்க செய்யற மாதிரியே நாலு மூலையையும் அமுக்கிப் பாத்தேன். பின்பக்கம் இடது மூலை, அமுக்கி விட்டதும், கூப்பிடாத விருந்தாளி மாதிரி மறுபடி மறுபடி எந்திரிச்சு உக்காந்துது. குனிஞ்சு பாத்தா எண்ணெய் வேர்த்திருக்கு.

ஷாக்கப்சர்னா என்னன்னு அம்மா கேட்டதுக்குப் பதில்: ஸ்பிரிங்குக்கு எகிறத்தான் தெரியும், நிக்கத் தெரியாது. நிறுத்தறது ஷாக்கப்சர் வேலை. உள்ள எண்ணெய், அதுக்குள்ள ஓட்டை போட்ட ஒரு பிஸ்டன். எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியா நெருக்கிப் பிதுங்கிப் போகும்போது ஆட்டம் எல்லாம் சூடா மாறிக் காத்துல போயிரும். அப்பா சொல்வாரு, லாரிக்குப் பின்னாடி ஷாக்கப்சரே இல்லாம ஓடலையான்னு. ஓடும். அடுக்கடுக்கா இருக்கிற ஸ்பிரிங் பட்டை ஒண்ணு மேல ஒண்ணு உரசியே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிரும். இதுல பட்டை கெடையாது, சுருள்தான். சுருளுக்கு வெக்கமே இல்லை.

நாலுக்கும் பில்ஸ்டீன் வாங்கினேன். நம்ம அப்பாவுக்குப் புடிக்கிற சாதி: 1873-ல ஜன்னல் கொண்டி செய்யத் தொடங்கின கம்பெனி. இந்த ஷாக்கப்சர்ல எண்ணெய்க்குக் கீழ நைட்ரஜன் வாயுவை அடைச்சு வச்சிருப்பாங்க, நடுவுல ஒரு மிதக்கற பிஸ்டன். எதுக்குன்னா, டீக்கடையில ஆத்தி ஆத்தி ஊத்தினா நுரை கட்டுதில்ல, அந்த மாதிரி மேடு பள்ளத்துல குலுங்கிக் குலுங்கி எண்ணெயும் நுரைச்சுப் போகும். நுரைச்ச எண்ணெய் அமுங்கிக் குடுக்கும், புடிக்காது. வாயு அமுக்கிட்டே இருந்தா நுரைக்காது. நாலும் சேர்ந்து 620 யூரோ. அம்மா, நூறால பெருக்காதீங்க. பெருக்கிட்டீங்களா? சரி, அப்பாகிட்டச் சொல்லாதீங்க.

ஆகஸ்டுல வாங்கினதை ஏன் அக்டோபர் 31-ம் தேதி மாட்டினேன்னு கேட்டா என்கிட்டப் பதில் இல்லை. ஒரு வாரம் ஆபீஸ், ஒரு வாரம் மழை. நடுவுல ஆயுத பூஜை. அன்னைக்குப் பொட்டு வச்சு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். ஏத்தி நசுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுட்டாங்க. சாயங்காலம் வந்து பாத்தா வைப்பர்ல ஒரு சீட்டு, அழகான கையெழுத்து: "மதிப்பிற்குரிய அண்டை வீட்டாரே, தங்கள் வாகனத்தின் சக்கரங்களின் கீழ் நான்கு எலுமிச்சம்பழங்கள் உள்ளன. தாங்கள் அறியாமல் இருக்கலாம் என்பதால் தெரிவிக்கிறேன்." நசுக்கினதுக்கப்பறம் அதே ஆள் மாடியில இருந்து எட்டிப் பாத்தார். குனிஞ்சு பொறுக்கி, மக்கற குப்பைக்கான பழுப்புத் தொட்டியில போட்டேன். தலையாட்டினார். திருஷ்டி கழிஞ்சுதோ என்னமோ, தரம் பிரிச்சது சரியா இருந்துது.

அப்படியே 31-ம் தேதி வந்துருச்சு. வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டேன். வீட்டு வாசல்ல கழட்ட முடியாது, வாடகை காரேஜ்ல லைட்டே இல்லை. அதுக்குன்னு இங்க வாடகைப் பட்டறை இருக்கு. லிஃப்டும் ஸ்பேனரும் அவங்களுது, அழுக்கு நம்முளுது. மணிக்கு 18 யூரோ. இங்க ஒரு நிமிஷம் நிறுத்தறேன், நீங்க சிரிச்சு முடிங்க. பத்தாவது லீவுல பட்டறைக்குள்ள கால் வச்சதுக்கு "கிரீஸ் படாத கையா வேலைக்குப் போ"ன்னு நீங்க தொரத்தி விட்டது எனக்கு மறக்கலை. நீங்க படிக்க வச்ச காசுல அமெரிக்கக் கம்பெனிக்கு ஜெர்மனியில உக்காந்து கம்ப்யூட்டர் தட்டி, அதுல வர்ற சம்பளத்துல மணிக்கணக்குப் போட்டு கிரீஸை வாங்கிப் பூசிக்கறேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆரம்பிச்சேன். முன்பக்கம் ரெண்டும் மூணரை மணிக்கு முடிஞ்சுது. இதை நான் கொஞ்சம் பெருமையாவே சொல்லிக்குவேன். ஸ்பிரிங்கை அமுக்கற மிஷினைச் சுத்தும்போது மட்டும் உங்க இடது கட்டை விரல் ஞாபகம் வந்து, ரெண்டு தப்படி தள்ளி நின்னு கையை நீட்டிச் சுத்தினேன். பக்கத்து லிஃப்டுல இருந்த பையன், வெடிகுண்டு எடுக்கறயான்னு கேட்டான். பின்பக்கம் வலது, அஞ்சு மணி. மிச்சம் ஒண்ணுதான். வேர்த்த மூலை.

அதோட கீழ் போல்ட்டு வரலை.

நட்டு கழண்டுது, போல்ட்டு அசையலை. இருபத்தொன்பது வருஷத் துரு, புஷ்ஷோட உள் குழாயையும் போல்ட்டையும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கு. எண்ணெய் அடிச்சேன். ஸ்பேனருக்குப் பைப்பை மாட்டித் தொங்கினேன். சுத்தியால தட்டினேன், அப்பறம் அடிச்சேன். காஸ் வச்சுச் சூடு பண்ணலாமான்னு கேட்டேன், கூடாது, சுவத்துல எழுதியிருக்குன்னாங்க. எழுதியிருந்துது. மணி ஏழு. எட்டுக்குப் பட்டறை மூடிருவாங்க. பன்னெண்டுக்கு வண்டி வண்டியா இருக்காது. பொழுது எறங்கறதுக்குள்ள ஜயத்ரதனை முடிக்கணும்னு நின்ன அர்ஜுனனுக்காவது கிருஷ்ணன் இருந்தார். நம்மூர்ல அப்போ ராத்திரி பதினொண்ணரை, என் கிருஷ்ணன் குறட்டை விட்டுட்டிருந்திருப்பார். எழுப்ப மனசு வரலை. எழுப்பியிருக்கணும்.

ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பிச்சேன். 7.40-க்கு அறுந்துது. நான் போட்ட சத்தத்துல பக்கத்து லிஃப்டுப் பையன் வந்து கை குடுத்தான். கை குடுத்துட்டு, "புது போல்ட்டு எங்கே?"ன்னு கேட்டான்.

புது போல்ட்டு இல்லீங்கப்பா.

பட்டறையில அந்த நீளத்துல, அந்த பலத்துல ஒண்ணும் இல்லை. கடை மூடியாச்சு. மறுநாள் நவம்பர் 1, இங்க சாமி விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறு, ஞாயித்துக்கிழமை இந்த நாட்டுல போல்ட்டு வாங்கறதை விட சாமியை நேர்ல பாக்கறது சுலபம். எட்டு மணிக்குப் பட்டறைக்காரர் கையைத் தொடச்சுக்கிட்டு "ஃபையராபென்ட்"னார். வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போன்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்கு மேல இங்க அப்பீல் கெடையாது. பஸ்ல வீட்டுக்கு வந்தேன், கையில பழைய ஷாக்கப்சர் ஒண்ணோட. ஏன் எடுத்துட்டு வந்தேன்னு தெரியலை.

ராத்திரி பன்னெண்டு மணி அடிச்சப்போ முழிச்சுட்டுத்தான் படுத்திருந்தேன்.

இந்த ரெண்டு நாள்ல படிக்கறதுக்கு நேரம் கெடச்சுது. அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். கார்ல் பென்ஸ் 1886-ல மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கினது எங்க ஊர்ல இருந்துதான். தெருவுக்குப் பேர் வைக்காம ஒரு எழுத்து, ஒரு நம்பர்னு பஸ் சீட்டு மாதிரி விலாசம் எழுதற ஊர்தான் இதுன்னு நெனச்சுட்டிருந்தீங்கல்ல? 1888-ல பென்ஸோட வீட்டம்மா பெர்த்தா, புருஷன்கிட்டச் சொல்லாம, ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கிற ஃபோர்ட்ஸ்ஹைமுக்குத் தாய் வீடு பாக்கக் கெளம்பிட்டாங்க. எண்ணெய்க் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. பிரேக் கட்டை தேஞ்சுது, செருப்புத் தைக்கறவர்கிட்டத் தோல் வச்சு அடிச்சு வாங்கினாங்க. எரிபொருள் தீந்ததும் வீஸ்லோக்ல ஒரு மருந்துக் கடையில வாங்கி ஊத்தினாங்க. போல்ட்டு இல்லைன்னு பஸ்ல திரும்பி வரலை. போனதும் ஆகஸ்ட் மாசம், அதனால என் 04–10 கணக்குப்படியும் குத்தம் சொல்ல முடியாது.

எஃப்சிக்கும் இதே ஊருக்கும் சம்பந்தம் இருக்குங்கப்பா. 1865-ல இங்க ஒரு பீர் ஆலையில கொதிகலன் வெடிச்சுது. அடுத்த வருஷம் கொதிகலன் வச்சிருக்கிறவங்க ஒண்ணு சேந்து, அதைப் பரிசோதிக்க ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரிச் சங்கங்களோட வழியில வந்தவங்கதான் பின்னாடி வண்டிக்கும் எஃப்சி பாக்க ஆரம்பிச்சது. கணக்குப் போட்டுப் பாருங்க, 1866-க்கும் 1886-க்கும் இருபது வருஷம். மோட்டார் வண்டி பொறக்கறதுக்கு முன்னாடியே எஃப்சி ஆபீசர் வந்து பேனாவைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கார்.

நேத்து காலையில போல்ட்டு வாங்கி மாட்டினேன். மாட்டி, நட்டை முறுக்கி, லிஃப்டுக்கு அடியில நின்னு ரசிச்சுட்டிருக்கும்போதுதான் உறைச்சுது. நாலு சக்கரமும் தொங்கிட்டிருக்கும்போதே எல்லாத்தையும் முறுக்கியிருக்கேன். நீங்க யூ போல்ட்டை லோடு ஏத்தி ஒரு நடை போயிட்டு வந்து மறுபடி முறுக்குவீங்களே, அதை எட்டு வயசுல இருந்து பாத்திருக்கேன். தொங்கும்போது முறுக்கினா, வண்டி தரையில எறங்கினதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ஒரு வருஷத்துல கிழிஞ்சிரும். நாலையும் தளர்த்தி, ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில குடுத்து எடையை ஏத்தி, மறுபடி முறுக்கினேன். இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் 18 யூரோ. மூணு நாள் நின்ன வாடகை தனி. அதைச் சொல்ல மாட்டேன். இங்க டார்க் ரெஞ்சுன்னு ஒண்ணு, அளவு வச்சு முறுக்கினா டக்குனு சத்தம் குடுக்கும். சக்கர நட்டுக்கு 110 வச்சேன். உங்க தோள்பட்டையில அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. ஆனா சக்கரமும் கழண்டதில்லை.

அப்பறம் டிரெய்லர். பட்டறையில இருந்து காரேஜுக்கு நாலு கிலோமீட்டர். புது ஷாக்கப்சர் நாலோட, ஃபுல் டேங்க் பெட்ரோலோட, சாவியைப் போட்டா உறுமற வண்டி, இன்னொரு வண்டி முதுகுல கல்யாணப் பொண்ணு மாதிரி போச்சு. அந்தப் போட்டோதான் நீங்க பாத்தது.

இப்போ அது காரேஜ்ல இருக்கு. பேட்டரிக்குக் குளுக்கோஸ் ஏத்தற மாதிரி ஒரு சின்ன சார்ஜர் மாட்டி விட்டிருக்கேன். டயருக்குக் காத்தைக் கூட வச்சிருக்கேன். ஹேண்ட் பிரேக் போடலை, போட்டா ஒட்டிக்கும், கியர்லதான் நிக்குது. மேல் துணி மடங்கற இடத்துல தண்ணி எறங்கற ஓட்டை ரெண்டையும் காது குடையற மாதிரி ஒயர் விட்டுக் குடைஞ்சு இலையை எடுத்துட்டேன். அது அடைச்சுக்கிட்டா தண்ணி பக்கத் தகரத்துக்குள்ள தேங்கி உள்ளிருந்தே அரிச்சிரும்.

"ஷாக்கப்சர் எப்படி இருக்கு, ஓட்டிப் பாத்தயா?"ன்னு அடுத்து கேப்பீங்க. ஓட்டலீங்கப்பா. ஏப்ரல் 1 வரைக்கும் ஓட்ட முடியாது. 620 யூரோ, ஒரு போல்ட்டு, நாலு நாள், ஒரு டிரெய்லர். நல்லா இருக்கான்னு அஞ்சு மாசம் கழிச்சுத்தான் தெரியும். சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மென்ட் பாக்கறதும் அப்பதான். இன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு காரேஜுக்குப் போனேன். செல்போன் வெளிச்சத்துல பின்பக்கம் இடது மூலையை அமுக்கினேன். கீழ போச்சு, மேல வந்துது, நின்னுது. அப்படியே நின்னுது. மறுபடி அமுக்கினேன். உள்ள ஏறி உக்காந்து கொஞ்ச நேரம் இருந்தேன். புது ரப்பரும் பழைய கிரீஸும் சேர்ந்து நம்ம பட்டறை சாயங்காலம் ஆறு மணிக்கு எப்படி வாசம் அடிக்குமோ அப்படி அடிச்சுது. டீ மட்டும் வரலை.

நீங்க வர்றதா இருந்தா ஏப்ரலுக்கு மேல வாங்க. ரெண்டு சீட்டுதான், ஒருத்தர் ஒருத்தராத்தான் கூட்டிட்டுப் போக முடியும். முதல்ல யாருன்னு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிவு பண்ணிக்குங்க. அம்மா, ரசம் வச்சுட்டேன், கவலைப்படாதீங்க.

அந்தப் பழைய 16–17 ரிங் ஸ்பேனர், கைப்பிடியில சிவப்பு டேப் சுத்தினது, யாருக்கும் குடுத்துராதீங்க. வரும்போது பெட்டியில போட்டுக் கொண்டாங்க. கைப்பையில வைக்காதீங்க, ஏர்போர்ட்டுல புடுங்கிக்குவாங்க.

உங்கள் சின்னவன்